மயில்துத்தம் கூடினால் துத்தநாகமும் கூடுமா?

தாதுவைப் பொடித்து நீரில் கலக்கி, வேண்டிய துகள்களைக் காற்றுக்குமிழிகளால் நுரையாக மேலே கொண்டுவந்து பிரிப்பதே மிதப்பு முறை. அதில் சேர்க்கும் மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். "மிதப்புத் தொட்டியில் மயில்துத்தத்தை எவ்வளவு அள்ளிப் போடுகிறோமோ அவ்வளவு துத்தநாகம் மேலே வரும்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

துத்தநாக சல்பைடான ஸ்பேலரைட்டில் சாந்தேட் (துகளைக் காற்றுக்குமிழியோடு ஒட்டவைக்கும் வேதிப்பொருள்) தானாகச் சரியாக ஒட்டாது. மயில்துத்தத்திலுள்ள தாமிர அயனி, தாதுத் துகளின் மேற்பரப்பில் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்துத் தாமிர சல்பைடு படலம் ஆக்குகிறது. அதன் மேல் சாந்தேட் பற்றுகிறது; துகள் காற்றுக்குமிழியோடு நுரைக்கு ஏறுகிறது. இதுவரை சரி.

மேற்பரப்புக்குத் தேவையானது கிடைத்தபின் மிஞ்சும் தாமிரம் சும்மா இருக்காது. கரைசலில் உள்ள சாந்தேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகி அதை வீணாக்கும். இரும்புத் தாதுவான பைரைட்டையும் தூண்டிவிடும். விளைவு: நுரை கூடும், அதில் இரும்பும் கூடும், துத்தநாகத்தின் செறிவு குறையும். நுரையின் அளவைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். பைரைட்டை அடக்கத்தான் சுண்ணாம்பு சேர்த்து பி.எச். அளவை 10-க்கு மேல் உயர்த்துகிறார்கள்.

ஈயமும் கலந்த தாதுவானால் வரிசையும் முக்கியம். ராஜஸ்தானின் ராம்புரா அகுச்சா தாது அந்த வகை. ஈயம் முதலில் மிதக்க வேண்டும். துத்தநாகத்தை அதுவரை அடக்கி வைக்க வேண்டும். பிளஸ் டூ பாடத்தில் வரும் சோடியம் சயனைடின் வேலை அதுதான். மயில்துத்தத்தின் முறை அதற்குப் பிறகே.