ஸ்விம்மிங் பூல் கட்டுறவங்க நாலாவது பக்கத்துக்கும் வேலி போடுங்க

வீட்ல ஸ்விம்மிங் பூல் கட்டுறவங்க டைல்ஸ் என்ன கலர், லைட் எங்க வைக்கலாம்னு மாசக்கணக்குல பேசுறாங்க, வேலின்னு வாயைத் திறந்தாலே "அதான் காம்பவுண்டு சுவர் இருக்கே"ன்னு முடிச்சிடுறாங்க. எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

காம்பவுண்டு சுவர் தெருவுல போற பிள்ளையைத் தான் தடுக்கும். உங்க வீட்டுப் பிள்ளையும் விருந்துக்கு வந்தவங்க பிள்ளையும் பின்கதவைத் திறந்துக்கிட்டு நேரா தண்ணிகிட்ட போயிடும், அங்க தடுக்க ஒண்ணுமே இல்ல. மூணு பக்கம் மட்டும் வேலி இருக்குற பூலை விட, வீட்டுப் பக்கத்தையும் சேர்த்து நாலு பக்கமும் அடைச்ச பூல்ல குழந்தைங்க மூழ்குற ஆபத்து 83 சதவீதம் குறைவுன்னு அமெரிக்க அரசோட பொது சுகாதார அமைப்பு சிடிசி சொல்லுது. இதுக்கு மேல என்ன வாதம் வேணும்?

வேலியும் பேருக்கு இருந்தா போதாது. குறைஞ்சது 4 அடி உயரம், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல 4 இன்ச்சுக்கு மேல இடைவெளி கூடாது, வெளிப்பக்கம் கால் வச்சு ஏறுற மாதிரி குறுக்குக் கம்பியும் கூடாது. பக்கத்துல நாற்காலி, பூந்தொட்டி, ஏசி அவுட்டோர் யூனிட் எதுவும் வேண்டாம், மூணு வயசுப் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும் ஏறிடும். கேட் வெளிப்பக்கமா திறக்கணும், தானா சாத்திக்கணும், லாட்ச் தானா விழணும், அதுவும் பிள்ளைங்க கைக்கு எட்டாத உயரத்துல. நீங்களே செக் பண்ணலாம், கேட்டை ஒரு விரல் நுழையுற அளவு மட்டும் திறந்து விட்டுப் பாருங்க. முழுசா திறந்து விட்டா வேகத்துல டப்புன்னு சாத்திக்கும், லேசா திறந்திருக்கும்போது தான் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா லாட்ச் விழாம நிக்கும். தூரத்துல இருந்து பாத்தா சாத்தின மாதிரியே இருக்கும், குழந்தை கை வச்சா திறந்துடும்.

"நாங்க தான் கூடவே இருக்கமே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, மூழ்குற பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சு இழுக்கவே முடியாதப்போ குரல் எங்க இருந்து வரும், ஒரு நிமிஷத்துக்குள்ள சத்தமே இல்லாம தண்ணிக்குள்ள போயிடும். நாலு பெரியவங்க இருந்தா அவர் பாத்துக்குவார்னு இவரும் இவர் பாத்துக்குவார்னு அவரும் இருப்பாங்க, அதனால இப்ப யார் பொறுப்புன்னு வாய்விட்டுச் சொல்லி ஒருத்தரை உக்கார வைங்க, கையில போன் இல்லாம.

அலாரம், கவர் எல்லாம் வேலியோட சேர்த்து வைக்கிறது, வேலிக்குப் பதிலா இல்ல. தண்ணி சூடா இருக்க மேல மிதக்க விடுற சோலார் ஷீட்டை பாதுகாப்பு கவர்னு நினைச்சிடாதீங்க, அது மேல குழந்தை கால் வச்சா உள்ள போயிடும், ஷீட் மேல மூடிக்கும், உள்ள ஆள் இருக்குறதே தெரியாது.

கடைசியா ட்ரெயின் (drain), அதாவது பம்ப் தண்ணியை உள்ள இழுக்குற ஓட்டை. 2002ல அமெரிக்காவுல கிரேம் பேக்கர்ங்கிற 7 வயசுப் பொண்ணு, நல்லா நீந்தத் தெரிஞ்ச பொண்ணு, ஸ்பாங்கிற வெந்நீர் தொட்டியோட ட்ரெயின் இழுப்புல மாட்டி இறந்துபோச்சு. அவங்க அம்மா போராடி 2007ல ட்ரெயின் கவருக்குன்னே அங்க சட்டம் வந்துச்சு. உங்க பூல்ல கவர் உடைஞ்சிருந்தாலோ ஸ்க்ரூ கழண்டிருந்தாலோ மாத்துற வரைக்கும் யாரையும் இறங்க விடாதீங்க, பம்ப் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு வீட்ல எல்லாருக்கும் இன்னைக்கே காட்டிடுங்க.