விறைத்த தோளும் சி சாவ் பயிற்சியும்

குங்ஃபூ பயில்கிறேன் என்றதும் பலரும் கேட்பது, "அப்போ நாலு பேர் வந்தா அடிச்சுடுவீங்களா?" என்பதுதான். எனக்கோ அதைவிட, இந்தப் பயிற்சி என் கோபத்தை என்ன செய்தது என்று சொல்லத்தான் ஆசை. தோளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் பயில்வது விங் சுன். தென் சீனாவில் வளர்ந்த முறை. 1950களில் ஹாங்காங்கில் இப் மேன் என்ற ஆசான் இதைக் கற்றுக்கொடுத்தார். பதின்வயதில் புரூஸ் லீ அவரிடம் பயின்றதால் உலகம் முழுக்கப் பேர் பரவியது. இதில் வெறுங்கை வரிசைகள், அதாவது ஆயுதமில்லாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்கள், மூன்றுதான். முதலாவதான சியு நிம் தாவில் தொடக்கம் முதல் முடிவு வரை நின்ற இடத்தை விட்டுக் கால் பெயராது. முழங்கால்களைச் சற்று உள்நோக்கி மடக்கி நின்றபடி கைகளை மட்டும் அசைக்க வேண்டும். அதிலும் முதல் பகுதியில் கை மார்பின் நடுக்கோட்டை ஒட்டி, நத்தை ஊர்வது போல முன்னே போய்த் திரும்பும். குத்தும் உதையும் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் பலர் இந்தக் கட்டத்திலேயே சலித்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் கலையின் சாரமே அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். வேகமாகச் செய்தால் தோள் மேலே ஏறுவது தெரியாது. மெதுவாகச் செய்தால் எந்தத் தசை வேலையே இல்லாமல் இறுகிக்கிடக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

சரி, தனியாக நின்று தோளைத் தளர்த்திவிடலாம். எதிரில் ஒருவர் அழுத்தும்போது? அதற்குத்தான் சி சாவ். இருவர் முன்கைகளை ஒட்டவைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். சந்து கிடைத்ததும் ஒருவர் அடிப்பார். கண்ணால் பார்த்துத் தடுக்க நேரமிருக்காது, தொடுகையிலேயே உணர்ந்தாக வேண்டும். விறைத்த கைதான் முதலில் மாட்டும்: அதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் உடம்பும் கூடவே வந்துவிடும். துவண்ட கையும் உதவாது, குத்து நேராக நெஞ்சுக்கு வரும். இறுகாமலும் துவளாமலும், முன்னோக்கி மெல்லிய அழுத்தத்தோடு இருக்க வேண்டும்.

என்னோடு பயில்பவர்களில் உயரத்திலும் எடையிலும் என்னைவிடக் குறைந்த ஒரு பெண் இருக்கிறார். நான் தள்ளத் தள்ள அந்த விசை அவர் கையில் நிற்காமல் பக்கவாட்டில் வழிந்து போகும். அடுத்த நொடி என் நெஞ்சு திறந்து கிடக்கும். "அடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு உங்க தோளே சொல்லிடுதுங்க" என்றார் ஒருநாள். விங் சுன்னை இங் முய் என்ற பெண் துறவி உருவாக்கினார் என்பது மரபுக் கதை. வரலாற்றுச் சான்று கிடையாது. ஆனாலும் அந்தக் கதை ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பது இவரோடு பயின்றால் புரியும்.

அப்புறம்தான் பயிற்சிக்கு வெளியிலும் தோளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் யாராவது என் யோசனையை மறுத்துப் பேசத் தொடங்கினால், பேச்சு முடியும் முன்பே தோள் ஏறியிருக்கும், தாடை இறுகியிருக்கும், பதிலும் நாக்கு நுனிக்கு வந்திருக்கும். அந்த நிலையில் அவர் சொல்வதில் பாதி காதிலேயே ஏறாது. சி சாவிலும் இதேதான்: கை இறுகியதுமே எதிராளியின் கை எங்கே போகிறது என்ற உணர்வு அறுந்துவிடுகிறது. இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் வரும்போதே உடம்பு காட்டிக்கொடுக்கிறது. தோளை இறக்கி, மூச்சை விட்டு, மீதியையும் கேட்க முடிகிறது. அப்பாவோடு பேசும்போது மட்டும் இது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. அங்கே இறுகிப் பழகிய வருடங்கள் அதிகம்.

இதை வைத்து விங் சுன் ஒன்றே எல்லாச் சண்டைக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். கைகள் தொட்டுக்கொள்ளும் தூரத்துக்கான பயிற்சிதான் சி சாவ். எட்ட நின்று வேகமாகப் பாய்பவரையும், காலைப் பிடித்துக் கீழே சாய்ப்பவரையும் சமாளிக்க ஸ்பாரிங், அதாவது நிஜச் சண்டை போலவே மோதிப் பழகும் பயிற்சி வேண்டும், அதுவும் விட்டுக்கொடுக்காத ஆளோடு. "எங்கள் கலை ரொம்ப ஆபத்தானது, அதனால் ஸ்பாரிங் கிடையாது" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள் என்பேன். முகத்துக்கு நேரே குத்து வரும்போதும் தோள் தளர்ந்திருக்கிறதா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

தகுதியைக் காட்ட இடுப்பில் கட்டும் வண்ணப் பட்டைகளைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம். அது ஜூடோவிலிருந்து மற்ற கலைகளுக்குப் பரவிய வழக்கம், பழைய குங்ஃபூவில் இல்லை. சேரும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மூத்த மாணவர்கள் புதியவர்களோடு சி சாவ் செய்யும்போது அவர்களை நசுக்கிப் பார்க்கிறார்களா, கற்றுக்கொள்ள இடம் கொடுக்கிறார்களா? சிஃபு (ஆசான்) ஓரமாக நின்று ஆணையிடுகிறாரா, நேற்று வந்து சேர்ந்தவரோடும் தானே கை சேர்த்துப் பயில்கிறாரா? நான் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.