முகவரி கேட்டவருக்குத் தீர்ப்பு எழுதியவர்களுக்கு

நேற்று முன்தினம் என் பதிவின் கீழ் நடந்ததைப் பலரும் பார்த்தீர்கள். அதனால் முழுவதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒரு பெண் கேட்டார்: "அண்ணன் மிகவும் குடிக்கிறார். குடியை நிறுத்த எங்கள் மாவட்டத்தில் நல்ல இடம் எது? எவ்வளவு செலவாகும்?" இவ்வளவுதான் கேள்வி. "நாலு அடி கொடுத்தால் தெளியும்" என்றார் ஒருவர். "கல்யாணம் செய்து வையுங்கள், பொறுப்பு வந்துவிடும்" என்றார் இன்னொருவர். "தன் காசில் குடிக்கிறான், வைத்தியம் மட்டும் ஊரார் காசிலா?" என்று ஒரு கேள்வி. நான் மதிக்கும் ஒரு தமிழாசிரியர், "மனக்கட்டுப்பாடு இல்லாதவனுக்கு மருந்து எதற்கம்மா?" என்று எழுதினார். பிறகு ஒருவர் ஒரு கைபேசி எண்ணைப் போட்டு, "இரவில் வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மூன்று மாதம் உங்களுக்கு நிம்மதி" என்றார். அதற்குத்தான் அதிக விருப்பக்குறிகள். காலையில் அந்தப் பெண் தன் கேள்வியை நீக்கிவிட்டார்.

அவர் கேட்டது முகவரி. நீங்கள் எழுதியது தீர்ப்பு.

தன் வீட்டுக் குடியைப் பற்றிப் பொதுவில் ஒரு தங்கை எழுதுகிறார் என்றால், அதற்கு முன் எத்தனை இரவுகள் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார் என்று உங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? தெருவில் விழுந்து கிடப்பவரை எழுப்பிக் கூட்டி வரும்போது எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடும் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பாவால் தெரியும்.

அவர் கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கைவேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். குடி முற்றியபோது வீட்டில் கூடிப் பேசினார்கள். பெரியப்பா சொன்ன மருத்துவம்தான் நீங்களும் சொன்னது: அறையில் போட்டுப் பூட்டு, ஒரு சொட்டு கொடுக்காதே, தானாக நிற்கும். பூட்டினார்கள். முதல் நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. "திமிர் அடங்குகிறது" என்றார் பெரியப்பா. மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். என்றோ இறந்துபோன தாத்தா வாசலில் நிற்கிறார், உள்ளே கூப்பிடுங்கள் என்றார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று பாட்டி வேப்பிலை பறித்துவரச் சொன்னார். விடியற்காலையில் வலிப்பு வந்தது.

அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியாக எப்போது குடித்தார்?" அதுவரை எங்களில் எவரும் அதை நினைத்தே பார்க்கவில்லை. பல வருடங்களாகத் தினமும் குடித்த உடலுக்குத் திடீரென்று மது நின்றுபோனால், மூளை தறிகெட்டு ஓடும். சிலருக்கு முதல் ஓரிரு நாட்களுக்குள்ளேயே வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் ஏறும், இதயம் படபடக்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். குளோர்டயாசெபாக்சைடு, லோராசெபாம் போன்ற, மூளையை அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, பி1 வைட்டமினை ஊசியாகப் போட்டு அந்த நாட்களைக் கடக்க வைக்க வேண்டும். இதெல்லாம் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும் மருத்துவம். நாங்கள் தேடியது பூட்டு.

தமிழாசிரியர் ஐயாவுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மனக்கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு கிடப்பவரிடம் போய் மனக்கட்டுப்பாடு என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த மருத்துவர் சீட்டில் "மனநலப் பிரிவு" என்று எழுதிக் கொடுத்தார். உறவினர்கள் கொதித்தார்கள். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பைத்தியம் இல்லை" என்றார்கள். சீட்டு கிழிந்தது. பதிலாக யாரோ ஒருவர் எண் கொடுத்தார், நீங்கள் கொடுத்ததைப் போலவே. இரவில் வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், கையைக் கட்டினார்கள், சித்தி கண்ணெதிரே தூக்கிப் போட்டார்கள். மாதக்கணக்கில் தொலைபேசியில் பேசவும் விடவில்லை. பணம் மட்டும் தேதி தவறாமல் கேட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் கணுக்காலில் தழும்பு இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை சொன்னதில்லை. வந்த வாரமே குடித்தார்.

அதற்குத்தான் விருப்பக்குறி போட்டீர்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தார்கள். தீ பரவியபோது அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநலச் சிக்கல்களும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மருத்துவர்கள் நேரில் பரிசோதிக்க வேண்டும், கால வரம்பு உண்டு, மேல்முறையீடு உண்டு. இரவில் வரும் வேன் அந்த வழியில் இல்லை. எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா, மனநல மருத்துவர் உண்மையில் வருகிறாரா, வீட்டார் பார்க்கவும் பேசவும் முடியுமா என்று கேளுங்கள். கேட்டதும் குரல் மாறினால் அந்த இடம் வேண்டாம்.

"எல்லாத் தனியார் மையங்களும் அப்படியா?" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்து சண்டை போட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த நாட்டுக்கே வழிகாட்டிய இடம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த ஒரு பெண், குடிநோயாளிகளின் குடும்பங்களையும் சேர்த்து உட்கார வைத்து மருத்துவம் பார்க்க ஓர் இடம் கட்டினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் மனது எங்கே, வேன் அனுப்புபவர்கள் எங்கே?

பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் இன்னொரு கொடுமை. "குடியை நிறுத்தும் பொடி, அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கலாம்" என்று எழுதி எண் கொடுத்திருப்பார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிரே போகலாம். நோயாளிக்கு எல்லாம் விளக்கி, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. கணவர் குடிக்கக்கூடாது என்று ஆசைப்பட்டுக் காபி கலக்கும் மனைவியைக் கொலைகாரியாக்கப் பார்க்கிறது அந்த நோட்டீஸ். அதை யாரும் கிழிப்பதில்லை. ஒரு தங்கை கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் சேர்ந்து கிழித்தோம்.

"கடைகளை மூடிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்பவர்களுக்கு: மூடுங்கள், நான் கைதட்டுவேன். ஆனால் 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது என்ன நடந்தது? புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷேவிங் லோஷனைக் குடித்துச் செத்தார்கள். செங்கல்பட்டில் வார்னிஷைக் குடித்துச் செத்தார்கள். அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு படுக்கையும் ஒரு மருத்துவரும். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று மேடை போட்டுப் பேசுகிறோம். நடுங்கும் கையோடு நிற்பவர் நாளைக் காலை எங்கே போவார் என்று எந்த மேடையிலும் பேச்சில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்ற நஞ்சு கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். அப்போதும் இதே குரல்கள்தான். செத்தவன் குடிகாரன், அவன் குடும்பத்துக்கு எதற்கு அரசு பத்து லட்சம் தர வேண்டும் என்று எழுதினீர்கள். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. குடிநோயாளிக்குக் கை நடுங்கத் தொடங்குவது விடியற்காலையில். குறைந்த விலையில், கூப்பிடு தூரத்தில், விடிந்ததும் கிடைக்கும் சாராய பாக்கெட்டை அவர் ஏன் தேடிப் போகிறார் என்பதற்கு உடல் சொல்லும் காரணம் இருக்கிறது. பாக்கெட் விற்றவரைப் பிடித்தது சரி. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முன் ஒரு மருத்துவர் முகம் காட்டினார்?

இதை யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம். டாஸ்மாக் வருவாய் 2023-24இல் 45,855 கோடி ரூபாய், 2024-25இல் 48,344 கோடி ரூபாய் என்று சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சாகிறது. நீலகிரியில் உடைந்த மது பாட்டில் கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். மலை உச்சியில் குடித்து எறிந்த பாட்டிலைக்கூடக் கணக்கு வைத்துத் திரும்ப வாங்க முடிகிற அரசுக்கு, அதைக் குடித்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று மாவட்டவாரியாக மக்களுக்குச் சொல்ல ஏன் முடியாது?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருந்தது. 180 பேரில் ஒருவருக்குத்தான் உள்நோயாளியாகப் படுக்கை கிடைத்தது. அது நாடு முழுவதற்குமான கணக்கு. மற்ற 37 பேரின் வீடுகளில் என் சித்திகள் இருக்கிறார்கள். அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டோ, கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ, மாலை போட்டால் அந்த மண்டலமாவது குடிக்காமல் இருப்பார் என்று ஐயப்பனை வேண்டிக்கொண்டோ இருக்கிறார்கள்.

போதைப்பொருள் நிலவரம் என்றால் நமக்குத் தெரிவது எத்தனை கிலோ கஞ்சா பிடிபட்டது என்பது மட்டுமே. அது காவல்துறையின் உழைப்பைக் காட்டும். நோய் எங்கே பரவுகிறது என்று காட்டாது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றி எந்த மாவட்டத்துச் செய்தியில் படிக்கவில்லை நீங்கள்? ஒரே ஊசியைப் பலர் பகிரும்போது எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் சேர்ந்தே ஏறுகின்றன. மாத்திரை விற்ற கடைக்குச் சீல் வைத்தார்கள் என்ற செய்தியோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பையன்களை யார், எங்கே அழைத்துக்கொண்டு போனார்கள்?

"அரசு எதுவுமே செய்யவில்லையா, அரசியல் செய்யாதீர்கள்" என்று ஒருவர் கோபப்பட்டார். செய்ததை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. 2025இல் அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். திறப்பு விழாப் படங்களைப் பகிர்ந்த நண்பர்கள், அந்தப் பெண் கேட்டபோது ஏன் அதில் ஒன்றின் பெயரைக்கூடச் சொல்லவில்லை? பெருமைப்படத் தெரிந்தது, வழிகாட்டத் தெரியவில்லை.

ஆகவே நான் சொல்கிறேன். 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 டெலி மானஸ் மனநல ஆலோசனை எண், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு என்று கேளுங்கள். பைத்தியம் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். தினமும் குடிப்பவரைப் பூட்டிவைத்து நிறுத்தாதீர்கள். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் கிடையாது. குடும்பத்தினருக்கு அதே போன்ற அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன.

சித்தப்பா கடைசியில் அந்த மனநலப் பிரிவுக்குத்தான் போனார், சித்தி கையைப் பிடித்துக்கொண்டு. நடுவில் சறுக்கினார். மறுபடியும் குடித்துவிட்டானே, எல்லாம் வீண் என்றார் பெரியப்பா. சர்க்கரை நோயாளிக்குத் தீபாவளி இனிப்பில் சர்க்கரை ஏறினால் மாத்திரையைத் தூக்கி எறிகிறோமா? மறுபடியும் போனார். இப்போது பட்டறையில் லேத் ஓடுகிறது.

அடுத்த மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: நம் மாவட்டத்தில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர்? வருவாய்க் கணக்கு அச்சாகும் அதே குறிப்பில், அதற்கு அடுத்த வரியாக அந்த எண்ணும் அச்சாக வேண்டும். அதுவரை, என் பக்கத்தில் யாராவது முகவரி கேட்டால் முகவரி தெரிந்தவர்கள் மட்டும் பதில் எழுதுங்கள். மற்ற பதில்களை நான் நீக்கிவிடுவேன், அது யாருடையதாக இருந்தாலும்.