அதிகாரம் கைமாறினால் போதுமா?
மரபைக் கேள்வி கேட்பவர்கள் அரசியலிலும் சுயமாக யோசிப்பார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அண்ணன் சின்ன வயதில் வீட்டு வழக்கங்களை "ஏன் செய்யணும்?" என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டே அடி வாங்கியவர். இன்று கட்சித் தலைவர் எது சொன்னாலும் மறுபேச்சு இல்லை. நான் ஏதாவது கேட்டால் அப்பாவைப் போலவே முறைக்கிறார்.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மில்கிராம் தொடங்கிய சோதனை நினைவுக்கு வருகிறது. அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம், வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே ஷாக் கொடுக்க வேண்டும்; உண்மையில் ஷாக் அடிக்காது. அவருக்கு நிஜமாகவே ஷாக் அடிக்கிறது என்று நம்பியும், பொறுப்பாளர் சொன்னார் என்பதற்காக 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். அப்புறம் நடந்த ஒரு சோதனையில், கூட இருந்த இருவர் முடியாது என்று எழுந்துவிட, கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். அண்ணனைச் சுற்றி அப்படி எழுந்திருக்க ஒருவர்கூட இல்லை.