யோபுவின் கதையை யார் கேட்கிறார்கள்?

1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இன்றும் இருக்கிறது. நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்கு, குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த வேதாகம யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான். அப்போது பிள்ளை அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நொந்துபோயிருந்தார் என்கிறது அவர் வரலாறு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதர் பட்டம். இதெல்லாம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

என் மனதில் நிற்பது அந்த முதல் பேச்சுதான். சொன்னவர், ஊரையும் படையையும் இழந்து கைதியாக நின்றவர். கேட்டவர், கையில் இருந்ததை இழந்துகொண்டிருந்தவர். வேதத்தில் எத்தனையோ பேர் கதை இருக்க, யோபுவின் கதை அங்கே போய் ஒட்டியது. எல்லாம் செழிப்பாக இருந்த காலத்தில் கேட்டிருந்தால் பிள்ளைக்கு அது வெறும் கதையாகவே போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

வேதத்தை எல்லாரும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறோம் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. உண்மையில் அவரவர் பட்டதும், அவரவர் மனநிலையும் சேர்ந்துதான் வாசிக்கிறது. பட்ட அனுபவம் பெரும்பாலும் வசனத்தைத் திறக்கும். 'எனக்கு ஏற்கெனவே தெரியும்' என்ற மனநிலை அதை மூடிவிடும்.

துக்க வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில், பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்கு ஜெபிக்க வந்த அண்ணன் ஒருவர், உட்கார்ந்ததும் ரோமர் 8:28ஐ எடுத்தார். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனவர், ஜெபம் முடிகிறவரை வரவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

வசனத்தில் குறை இல்லை. அதை எழுதிய பவுல் அதே அதிகாரத்தில் உபத்திரவம், பசி, நிர்வாணம், பட்டயம் என்று வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் பலவற்றை அனுபவித்தவரும்கூட. அடிபட்டவர் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னால் அது விசுவாசம். அடிபடாதவர் அடிபட்டவரிடம் சொன்னால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

யோபுவின் நண்பர்களும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வாயைத் திறந்தார்கள். "குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?" என்று எலிப்பாஸ் கேட்டான். அவர்கள் பேசியதில் பாதியை இன்று பிரசங்கமாகக் கேட்டால் நாம் ஆமென் சொல்லுவோம், அவ்வளவு பக்தியான பேச்சு. ஆனால் கடைசி அதிகாரத்தில் தேவன் யார்மேல் கோபப்படுகிறார்? புலம்பிச் சண்டை போட்ட யோபுவின்மேல் இல்லை, இந்தப் பக்திமான்கள்மேல். இன்றைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "ஏதாவது பாவம் இருந்தால் அறிக்கை செய்யுங்க" என்கிறவர்கள் அந்த 42ஆம் அதிகாரம் வரை வாசிக்கட்டும்.

அதேபோல மாற்கு சுவிசேஷம் 4ஆம் அதிகாரம். படகில் இயேசு தூங்குகிறார், புயல் அடிக்கிறது, சீஷர்கள் அலறுகிறார்கள். உள்நாட்டுச் சபைகளில் நாங்கள் கேட்டு வளர்ந்த விளக்கம், சீஷர்களுக்கு விசுவாசம் பத்தவில்லை என்பதுதான். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடற்கரை ஊரான சின்னத்துறையைச் சேர்ந்த ஒருவரோடு இதைப் பேசினேன். அவர் சொன்னார்: "கடல்லயே வளர்ந்த பேதுருவும் யோவானும் பயந்தாங்கன்னா, அது எப்பேர்ப்பட்ட காத்துன்னு நெனச்சுப் பாருங்க. கரையில இருக்கிறவங்களுக்கு அது புரியாது." தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரை முழுக்க, கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள். "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற அந்தக் கேள்வியை அவர்கள் ஜெபமாகவே கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியை என்னால் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை.

திராட்சைத் தோட்டக் கூலிக்காரர் உவமையும் அப்படித்தான். கடைசி மணி நேரம் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுப்பது அநியாயம் என்று, கூலி கொடுத்தே பழகியவருக்குத் தோன்றும். காலையில் ஜங்ஷனில் நின்று யாரும் கூப்பிடாமல் வெறுங்கையோடு வீடு திரும்பிய கூலியாளிடம் கேளுங்கள். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்ற வரியில்தான் அவர் நிற்பார்.

அப்படியானால் ஆளுக்கொரு அர்த்தமா என்று கேட்பீர்கள். இல்லை. எலிப்பாஸுக்கும் அனுபவம் இருந்தது. "நான் கண்டிருக்கிறேன்" என்றுதான் அவனும் பேசினான். தன் அனுபவத்தை அடுத்தவனை அளக்கும் கோலாக வைத்ததால் கண்டிக்கப்பட்டான். வசனமே நம்மைத் திருத்தும், திருத்த விட்டால்.

அதனால் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கூட்டங்களில் செய்தி முடிந்ததும் உடனே ஸ்தோத்திரம் சொல்லி எழுந்துவிடாதீர்கள். கடலுக்குப் போகிறவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், பிள்ளையை இழந்த தாய் யாராவது இருந்தால், "இந்தப் பகுதி உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இடையில் வேறு வசனம் எடுக்க வேண்டாம்.