கம்பு சுற்றினால் கோபம் போய்விடுமா?

தற்காப்புக் கலை கற்றால் கோபம் குறையும், மனம் அமைதியாகும் என்று வகுப்புக்கு வகுப்பு பேனர் வைத்திருக்கிறார்கள். நாற்பதை நெருங்கும்போது சிலம்பம் கற்கப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. கோபம் எங்கேயும் போவதில்லை. உடம்பில் எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று தெரிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

எனக்கு விரலில். ஆபீசில் யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டு, பதில் சொல்லாமல் விழுங்கிவிட்டு நேராக வகுப்புக்குப் போகும் நாட்களில் பிடி இறுகிவிடும். பிடி இறுகினால் மணிக்கட்டு திரும்பாது, மணிக்கட்டு திரும்பாவிட்டால் கம்பு நம் கணுக்காலையே பதம் பார்க்கும். வாத்தியார் என்ன ஏது என்று கேட்க மாட்டார். "கம்பைக் கீழ வைங்கம்மா, காலடி போடுங்க" என்பார். வெறுங்கையோடு காலடி, அதாவது காலை மாற்றி மாற்றி வைக்கும் அடிப்படைப் பயிற்சி, போடுவது இருக்கிறதே, அதற்கு அடி வாங்குவது எவ்வளவோ மேல்! பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பொடியன் இரட்டைக் கம்பு சுற்றிக்கொண்டிருப்பான், நாம் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்போம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா, வீட்டில் மாவு அரைக்கணுமே என்று மனசு ஆயிரம் சாக்கு சொல்லும். அந்தச் சாக்குகளைக் கேட்டுக்கொண்டே காலை மாற்றி வைப்பதுதான் நான் படித்த பாடத்திலேயே கஷ்டமானது.

பயம் வேறு கதை. எதிராளியின் கம்பு முகத்துக்கு நேரே வரும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். இதில் தைரியசாலி, கோழை என்றெல்லாம் இல்லை, இமை அப்படித்தான். ஆனால் கம்பைத் தடுக்க வேண்டிய நொடியும் சரியாக அதுவேதான். பழகப் பழகக் குறைகிறது, முழுசாகப் போகவில்லை.

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம். தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்தாயிற்று, 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் பிள்ளையை வகுப்பில் சேர்த்த மறுமாதமே "எப்ப மெடல் வரும்?" என்று கேட்கும் பெற்றோரைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது (விரல் இறுகுகிறது). உலக சாதனை என்று சொல்லி, சின்னப் பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்காகச் சுற்றவைத்து ஆளுக்கொரு சான்றிதழ் கொடுக்கிறார்களே, அதில் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளும்? கை வலி ஒன்றுதான். என் மகளையும் அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன், அவளுக்கு இன்னும் காலடியே முடியவில்லை.