பிரஷ்யாவில் நாஜிகள் பெரும்பான்மை பெறவில்லை

"1932 ஏப்ரலில் பிரஷ்ய சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்து நாஜிகள் அங்கே ஆட்சி அமைத்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிரஷ்யா அன்று ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலம்; நாஜிகள் என்றால் ஹிட்லரின் கட்சி. முதல் இடம் பிடித்தது உண்மை, ஆட்சி அமைத்தது உண்மையில்லை.

மொத்தம் 423 இடங்கள். நாஜிகளுக்கு 162, கம்யூனிஸ்டுகளுக்கு 57. கூட்டிப் பாருங்கள், 219. அதாவது ஒன்றுசேரவே முடியாத இரண்டு கட்சிகளின் கையில் பாதிக்கு மேல். இவர்களை விட்டுவிட்டு யாரும் பெரும்பான்மை காட்ட முடியாது, இவர்களாலும் காட்ட முடியாது!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முன்பெல்லாம் முதல்வரைத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றத்தில் நடக்கும் வாக்கெடுப்பின் முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால், அடுத்த சுற்றில் அதிக ஓட்டு வாங்கியவரே முதல்வர். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, ஏப்ரல் 12 அன்று, பழைய சபை அந்த விதியை மாற்றிப் பாதிக்கு மேல் கட்டாயம் என்றாக்கியது. கொஞ்சம் தந்திரம்தான், மறுக்கவில்லை. அதனால் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன் காபந்து முதல்வராகத் தொடர்ந்தார்.

அப்புறம் அவரை இறக்கியது யார்? ஓட்டுப்பெட்டி இல்லை. ஜூலை 20 அன்று ஜெர்மன் பிரதமர் பாப்பன், ஜனாதிபதி ஹிண்டன்பர்கின் அவசர ஆணையைக் காட்டி மாநில ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டார். சாக்கு, மூன்று நாள் முன்பு ஹாம்பர்க் பக்கத்து ஊரான அல்டோனாவில் நடந்த தெருச்சண்டை. பிரஷ்யக் காவல்துறை நாஜித் தலைவர் கோரிங் கைக்குப் போனது 1933 ஜனவரி 30-க்குப் பிறகு, ஹிட்லர் பிரதமரான கையோடு.